மருந்துப் படிகத்தின் அளவு: எத்தனை பிறந்தன என்ற கணக்கு

மருந்து ஆலையில் படிகம் எடுக்கும் பெரிய கலனான ரியாக்டரின் சைட் கிளாஸ் என்ற கண்ணாடிச் சன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சூடான, தெளிந்த கரைசல். அஜிடேட்டர் என்ற கலக்கி நிதானமாகச் சுழல்கிறது. கலனைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் குளிர்ந்த திரவம் ஓட ஓட, உள்ளே வெப்பநிலை 60, 55, 50 என்று இறங்குகிறது. எதுவும் நடக்கவில்லை. 45-லும் தெளிவாகத்தான் இருக்கிறது. 44-ல் அஜிடேட்டர் தண்டைச் சுற்றி லேசாக ஒரு மங்கல். அடுத்த நிமிடம் ரியாக்டர் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்துவிடுகிறது. தண்டுகூடத் தெரியவில்லை.

அப்பாடா, படிகம் வந்துவிட்டது என்று நிம்மதி அடையலாம். ஆனால் அந்த பேட்சின், அதாவது அந்த ஒரு தடவைத் தயாரிப்பின், படிகங்கள் எவ்வளவு பெரிதாக வளரும் என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அப்புறம் எட்டு மணி நேரம் பொறுமையாகக் குளிர்வித்தாலும், ராத்திரி முழுக்கக் கலக்கினாலும் பெரிய மாற்றம் வராது.

காரணம் எளிய கணக்கு. கரைசலில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது முன்பே தெரியும். அது எத்தனை படிகங்களுக்குப் பங்கு போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொன்றின் அளவும் அமையும். ஒரு கிலோ மருந்தை எடுத்துக்கொள்வோம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். கரிம மருந்துகளில் பலவும் இதை ஒட்டித்தான் வரும். 100 மைக்ரான் பக்கமுள்ள கனசதுரங்களாக வந்தால் சுமார் 77 கோடி படிகங்கள். 10 மைக்ரானாக வந்தால் 77,000 கோடி. எடை என்னவோ அதே ஒரு கிலோதான். ஆகவே படிகத்தின் அளவைக் கட்டுப்படுத்துகிறோம் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் பிறப்பைக் கட்டுப்படுத்துவதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், மருந்து ஆலையில் வெளியாளுக்குச் சடங்கு போலத் தெரியும் பல வேலைகளுக்கு அர்த்தம் புரியும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்?

மாத்திரையை விழுங்கியதும் உள்ளே இருக்கும் மருந்து முதலில் கரைய வேண்டும். கரையாதது ரத்தத்துக்குப் போகாது. கரையும் வேகம் திடப்பொருளின் மேற்பரப்பைப் பொறுத்தது என்பதை 1897-லேயே ஆர்தர் நோயஸும் வில்லிஸ் விட்னியும் சமன்பாடாக எழுதும் வழியைத் திறந்துவிட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை 10 மைக்ரான் கனசதுரங்களாக வெட்டினால் பத்து லட்சம் துண்டுகள் வரும். மொத்த மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டரிலிருந்து 600 ஆகிவிடும். நன்றாகக் கரையும் மருந்துக்கு இதனால் பெரிய வித்தியாசம் இருக்காது. தண்ணீரில் கரையவே அடம்பிடிக்கும் மருந்துக்கு இதுதான் எல்லாம்.

பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் பாடநூல் உதாரணம். நுண்துகளாக்கிய வடிவில் 500 மில்லிகிராம் செய்யும் வேலையை, அதைவிட நுண்ணிய வடிவில் சுமார் 330 மில்லிகிராம் செய்துவிடுகிறது. இதய நோய்க்கான டிகாக்சின் இன்னும் கவலை தரும் கதை. ஒரே அளவு டிகாக்சின் கொண்ட, ஆனால் வெவ்வேறு தயாரிப்புகளான மாத்திரைகள் ரத்தத்தில் பல மடங்கு வேறுபட்ட அளவுகளைத் தருவதை 1971-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவான மருந்து அது. கரையும் வேகமும் அதன் பின்னால் இருக்கும் துகள் அளவும் எவ்வளவு பெரிய விஷயம் என்று பலருக்கு உறைத்தது அப்போதுதான்.

அப்படியானால் சிறியதே நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரன்டோயின் வேகமாக உறிஞ்சப்பட்டால் குமட்டல் வருகிறது. அதனால் வேண்டுமென்றே பெரிய படிகங்களாகச் செய்த வடிவம் ஒன்று பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இன்சுலினில் இதையே கருவியாக்கிக்கொண்டார்கள். 1950-களில் வந்த லென்ட்டே வகை இன்சுலின்களில், படிக ஒழுங்கில்லாத துத்தநாக இன்சுலின் சீக்கிரம் வேலை செய்து முடித்துவிடும். பெரிய படிகங்களாக இருப்பது நீண்ட நேரம் மெதுவாகக் கரையும். முதலாவதில் 30 பங்கும் இரண்டாவதில் 70 பங்கும் சேர்ந்தது நடுத்தர நேரம் வேலை செய்யும் லென்ட்டே. வேதிப்பொருள் ஒன்றே, வித்தியாசம் துகளில்தான்.

மூச்சில் இழுக்கும் மருந்துக்குத் தேவை 1 முதல் 5 மைக்ரான். அதைவிடப் பெரியது தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடும். மிக மிகச் சிறியதில் கணிசமான பங்கு மூச்சோடு வெளியே வந்துவிடும்.

குறைந்த அளவு மருந்துள்ள மாத்திரைகளில் இன்னொரு சிக்கல் உண்டு, அதிகம் பேசப்படாதது. 100 மைக்ரோகிராம் மருந்து மட்டும் இருக்க வேண்டிய மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். படிகம் 100 மைக்ரான் என்றால் ஒவ்வொன்றின் எடை 1.3 மைக்ரோகிராம். அதாவது மாத்திரைக்கு வெறும் 77 படிகங்கள். எவ்வளவு பிரமாதமாகக் கலந்தாலும், தற்செயலாகவே ஒரு மாத்திரைக்கு 68 படிகமும் இன்னொன்றுக்கு 86-ம் போய்ச் சேர்வது சகஜம். கலவை இயந்திரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதுவே 20 மைக்ரான் என்றால் மாத்திரைக்குச் சுமார் 9,600 படிகங்கள். ஏற்ற இறக்கம் ஒரு சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

ஆலைக்கோ பெரிய படிகங்கள்தான் பிடிக்கும். வடிகட்டும்போது படிகப் படுகையின் தடை, துகள் அளவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகிறது. 100 மைக்ரான் 20 மைக்ரானாகக் குறைந்தால் தடை 25 மடங்கு. இரண்டு மணி நேரத்தில் வடிய வேண்டியது, கணக்குப்படி பார்த்தால் இரண்டு நாள் தாண்டும். வடியாத படுகையில், படிகம் பிரிந்த பின் மிஞ்சும் தாய்க்கரைசல் தேங்கி நிற்கும். தாய்க்கரைசலில்தான் மாசுகள் எல்லாம் இருக்கின்றன. ஆகவே படிகம் சிறுத்தால் தூய்மையும் அடிவாங்கும். மருந்து ஒரு பக்கம் சிறியதைக் கேட்கிறது, வடிகட்டி இன்னொரு பக்கம் பெரியதைக் கேட்கிறது. இந்த இழுபறிக்கு நடுவில்தான் டி50, டி90 என்ற எண்கள் எழுதப்படுகின்றன. டி90 60 மைக்ரான் என்றால், துகள்களின் மொத்தப் பருமனில் 90 சதவீதம் 60 மைக்ரானுக்குக் கீழே என்று பொருள். டி50 அதே கணக்கில் 50 சதவீதத்துக்கு.

பிறப்பும் வளர்ச்சியும் ஒரே உணவில்

ஒரு வெப்பநிலையில் கரைப்பான் எவ்வளவு மருந்தைத் தாங்குமோ அதுவே தெவிட்டு நிலை. அதற்கு மேல் கரைந்திருந்தால் அதிதெவிட்டிய கரைசல். படிகமாக்கலை ஓட்டுவது இந்த உபரிதான். குளிர்விப்பது, கரைப்பானை ஆவியாக்குவது, மருந்தைக் கரைக்காத இன்னொரு திரவத்தைச் சேர்ப்பது, அமிலத்தோடு காரத்தைச் சேர்த்து உப்பாக மாற்றுவது என எல்லா வழிகளும் இந்த உபரியை உண்டாக்கும் வழிகளே.

உபரியைச் செலவழிக்க இரண்டு வழி உண்டு. ஏற்கெனவே இருக்கும் படிகத்தின் மேல் மூலக்கூறுகள் போய் ஒட்டலாம், அது வளர்ச்சி. அல்லது மூலக்கூறுகள் தங்களுக்குள் கூடிப் புதுக் கருவை உண்டாக்கலாம், அது கருவாக்கம். இரண்டும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகின்றன. ஆனால் பசி ஒரே மாதிரி இல்லை. வளர்ச்சி வேகம், உபரி கூடக் கூட ஏறக்குறைய அதே வீதத்தில் அல்லது கொஞ்சம் கூடுதலாக ஏறும். கருவாக்கம் அப்படியில்லை. உபரி குறைவாக இருக்கும்வரை தூங்கிக்கொண்டிருக்கும். ஓர் எல்லை தாண்டியதும் வெடிக்கும்.

இதற்கு விளக்கம் 1920-களிலும் 30-களிலும் வால்மர், பெக்கர், டோரிங் ஆகியோர் கையில் உருவானது. சின்னஞ்சிறு மூலக்கூறுக் கூட்டத்துக்கு உடல் குறைவு, தோல் அதிகம். அந்தத் தோலை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. ஒரு குறிப்பிட்ட அளவை எட்டாத கூட்டம் பெரும்பாலும் மறுபடி கலைந்துபோகும். எட்டியது பிழைத்து வளரும். உபரி கூடும்போது அந்த எல்லை அளவு சுருங்குகிறது, தடையும் விறுவிறுவென்று இறங்குகிறது. பிறப்பு வேகம் அந்தத் தடையோடு அடுக்குக்குறி உறவில் இருப்பதால், உபரியில் சின்ன ஏற்றம் போதும், பிறப்பு பல்லாயிரம் மடங்காகும். 44 டிகிரியில் நாம் பார்த்த வெளுப்பு அதுதான்.

தெவிட்டு நிலைக்கும் இந்த வெடிப்புக்கும் நடுவில் உள்ள பகுதியைச் சிற்றுறுதிப் பகுதி என்கிறார்கள். ஓஸ்ட்வால்ட் 1897-ல் முன்வைத்த கருத்தில் இதன் வேர் இருக்கிறது. இந்தப் பகுதிக்குள் புதுக் கரு தானாகப் பிறக்கத் தயங்கும், ஆனால் இருக்கும் படிகம் வளரும். நமக்கு வேண்டியது இதுதானே? ஆகவே பேட்ச் முழுவதும் இந்தப் பகுதிக்குள்ளேயே ஓட்டு என்பது பாடம்.

சொல்வது எளிது. இந்தப் பகுதியின் அகலம், கரைதிறன் போல ஒரு பொருளுக்கு ஒன்று என்று நிலையான எண் இல்லை. வேகமாகக் குளிர்வித்தால் ஓர் அகலம், மெதுவாகக் குளிர்வித்தால் வேறு. தூசி, மாசு, கலக்கும் வேகம் எல்லாம் அதில் கைவைக்கும். சின்னக் குப்பியில் 20 டிகிரி அகலமாகத் தெரிந்தது பெரிய கலனில் பெரும்பாலும் குறுகிவிடும். பெரிய பருமனில் எங்காவது ஒரு மூலையில் முதல் கரு பிறக்க வாய்ப்பு அதிகம் அல்லவா? ஆய்வகத்தில் அளந்த எண்ணை அப்படியே ஆலைக்கு எடுத்துப்போகிறவர்கள் முதல் பேட்சிலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

விதை போடுவது

பிறப்பைத் தற்செயலுக்கு விடாமல், பிறந்தவற்றை நாமே எண்ணிப் போட்டுவிட்டால்? அதுதான் சீடிங், விதைப் படிகம் போடுவது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மிகக் குறைந்த செலவில் மிக அதிக பலன் தரும் உத்தி இதுதான். மிக அலட்சியமாகச் செய்யப்படுவதும் இதுதான். பல பேட்ச் பதிவேடுகளில் விதை என்பது ‘0.5% சேர்க்கவும்’ என்று ஒரு வரி. என்ன அளவு விதை, எப்படித் தயாரித்தது, எப்போது போடுவது? அதற்கெல்லாம் அந்த வரியில் பதில் இருக்காது.

100 கிலோ தரும் பேட்ச். 100 மைக்ரான் படிகம் வேண்டும். புதுப் பிறப்பே இல்லை, போட்ட விதைகள் மட்டுமே வளர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 20 மைக்ரான் விதை ஐந்து மடங்கு நீள வேண்டும். எடையில் அது 125 மடங்கு. ஆகவே 800 கிராம் விதை போதும். 40 மைக்ரான் விதை என்றால் 6.4 கிலோ வேண்டும். 10 மைக்ரான் விதை என்றால் வெறும் 100 கிராம். மூன்றிலும் விதைகளின் எண்ணிக்கை ஒன்றே.

அப்படியானால் 100 கிராமே சிக்கனம் என்று தோன்றும். இங்கேதான் வழுக்கும். எண்ணிக்கை ஒன்றானாலும் மேற்பரப்பு ஒன்றல்ல. 10, 20, 40 மைக்ரான் விதைகளின் மொத்த மேற்பரப்பு 1, 4, 16 என்ற விகிதத்தில் இருக்கும். குளிர்விப்பு தொடங்கியதும் உபரி வந்துகொண்டே இருக்கும். அதைச் சாப்பிட மேற்பரப்பு வேண்டும். 100 கிராம் நுண்விதையின் மேற்பரப்பு ஆரம்பத்தில் அதற்குப் போதாமல் போகலாம். சாப்பிடப்படாத உபரி தேங்கி, எல்லையைத் தாண்டி, புதுக் கருக்கள் கோடிக்கணக்கில் பிறந்துவிடும். விதை போட்டும் போடாதது மாதிரி. ‘நாங்கள் சீடிங் செய்துதான் பார்த்தோம், ஒன்றும் வேலைக்காகவில்லை’ என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது விதையின் எடையை அல்ல, மேற்பரப்பை.

போடும் நேரமும் முக்கியம். கரைசல் தெவிட்டுவதற்கு முன்பே போட்டால் விதை கரைந்துபோகும். தாமதித்தால் அதற்குள் தானாகவே வெளுத்துவிடும். சிற்றுறுதிப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனதும் போடுவது பலரும் பின்பற்றும் வழக்கம். ஆனால் பேட்சுக்கு பேட்ச் மாசு மாறும், கரைப்பானில் நீரின் அளவு மாறும். தெவிட்டு வெப்பநிலை அதோடு இரண்டு மூன்று டிகிரி நகரும். அதனால் விதை போட்டதும் குளிர்விப்பை நிறுத்தி, அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ அதே வெப்பநிலையில் வைத்து, மங்கல் நிலைத்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது நல்ல பழக்கம். மங்கல் மறைந்தால் விதை கரைகிறது. இரண்டு டிகிரி இறக்கி மறுபடி போடலாம்.

உலர்ந்த பொடியாக மேலிருந்து கொட்டுவது எனக்குப் பிடிக்காத முறை. கட்டி கட்டியாக மிதக்கும். அரைத்த விதை என்றால் ஒவ்வொரு துகளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத தூள் ஒட்டியிருக்கும். அது கரைசலில் உதிர்ந்து, ஒவ்வொரு தூளும் தனி விதையாகிவிடும். 20 மைக்ரானுக்குப் போட்ட கணக்கெல்லாம் அங்கேயே காலி. விதையை அதன் தெவிட்டிய கரைசலிலோ, கரைக்காத திரவத்திலோ குழம்பாக்கி, கொஞ்ச நேரம் கலக்கவிட்டு ஊற்றினால் பாதித் தொல்லை குறையும்.

விதைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரே மருந்து வெவ்வேறு படிக அமைப்புகளில் வரும். எந்த அமைப்பின் விதையைப் போடுகிறோமோ அதன் பக்கம் கரைசலைத் திருப்பலாம். எச்ஐவி மருந்தான ரிட்டோனவிர் 1996-ல் சந்தைக்கு வந்தது. 1998-ல் அதுவரை பார்த்திராத, கரைதிறன் மிகக் குறைந்த இன்னொரு படிக உருவம் தலைகாட்டியது. கேப்ஸ்யூல்கள் கரைதல் சோதனையில் தோற்றன. அவற்றைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு வேறு வடிவம் தயாரிக்க வேண்டியதாயிற்று. அந்த உருவம் யாரும் போடாத விதையாகத் தானே பரவியது.

குளிர்விக்கும் வளைவு

விதை போட்டாயிற்று. இனி எப்படிக் குளிர்விப்பது? மணிக்கு இத்தனை டிகிரி என்று நேர்கோட்டில் இறக்குவது இயல்பாகத் தோன்றும். அது தவறு என்பதை 1971-ல் மல்லினும் நிவ்ல்ட்டும் தெளிவாகக் காட்டினார்கள். ஆரம்பத்தில் விதைகள் சிறியவை, மேற்பரப்பு குறைவு, உபரியைச் சாப்பிடும் திறனும் குறைவு. ஆகவே அப்போது மிக மெதுவாக இறக்க வேண்டும். படிகங்கள் வளர்ந்து மேற்பரப்பு பெருகிய பிறகு வேகமாக இறக்கினாலும் தாங்கும்.

இதன் எளிய வடிவம் மும்மடி வளைவு, அதாவது கழிந்த நேரத்தின் மும்மடிக்கு ஏற்ப வெப்பநிலையை இறக்குவது. 60 டிகிரியிலிருந்து 20-க்கு எட்டு மணி நேரத்தில் இறக்க வேண்டும் என்றால் முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு டிகிரிகூட இறங்காது, வெறும் 0.6 டிகிரி. நான்கு மணி நேரம் முடியும்போது 5 டிகிரிதான் இறங்கியிருக்கும். ஆறாவது மணியில் வெப்பநிலை 43. மீதி 23 டிகிரியும் கடைசி இரண்டு மணி நேரத்தில். ஷிஃப்டில் இருப்பவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பாதி நேரம் போயும் ஒன்றும் இறங்கவில்லையே என்று ஜாக்கெட் வால்வைக் கொஞ்சம் திறந்துவிடக் கை துடிக்கும். அந்தக் கொஞ்சம்தான் கெடுக்கும். பழைய கலன்களில் கடைசி இரண்டு மணி நேரத்துக்குத் தேவைப்படும் குளிர்விப்புத் திறன் இருக்காது என்பதும் நிஜம். அங்கே இரண்டு மூன்று நேர்கோட்டுத் துண்டுகளாக உடைத்து, முதல் துண்டை மட்டும் மிக மெதுவாக வைத்தாலே பெரும்பலன் கிடைத்துவிடும்.

பெரிய கலனுக்குப் போனால்

படிகங்கள் இருக்கும் கரைசலில் புதுப் படிகம் பிறக்க உபரி அதிகம் தேவையில்லை. படிகம் அஜிடேட்டர் இலையில் மோதும், சுவரில் மோதும், ஒன்றோடொன்று உரசும். சின்னத் துணுக்குகள் உதிரும். அவை புதுப் படிகங்களாக வளரும். இரண்டாம் நிலைக் கருவாக்கம் என்று பெயர். சிற்றுறுதிப் பகுதிக்குள் இருந்தாலும் இது நடக்கும். ஆலையில் வரும் நுண்தூளில் பெரும்பங்கு இதிலிருந்துதான்.

ஒரு லிட்டர் ஆய்வகக் கலனை அதே வடிவில் 1,000 லிட்டராக்குவோம். நீள அகலம் பத்து மடங்கு. குளிர்விக்கும் சுவர்ப்பரப்பு நூறு மடங்கு. உள்ளிருக்கும் திரவமோ ஆயிரம் மடங்கு. லிட்டருக்குக் கிடைக்கும் சுவர் பத்தில் ஒன்றாகிவிட்டது. அதே வேகத்தில் குளிர்விக்க வேண்டுமானால் ஜாக்கெட்டை இன்னும் குளிராக வைக்க வேண்டும். அப்போது சுவரை ஒட்டிய படலத்தில் உபரி எகிறும். அங்கே படிகம் பொருக்காகப் பிடிக்கும், பொருக்கு வெப்பத்தைத் தடுக்கும், தடுத்ததை ஈடுகட்ட இன்னும் குளிராக்குவார்கள். வெப்பநிலைமானி மட்டும் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும், அது நிற்பது நடுவில் என்பதால்.

கலக்குவதிலும் இதே கதை. லிட்டருக்கு அதே ஆற்றல் என்ற விதியில் பெரிதாக்கினால் சுழல்வேகம் நாலரை மடங்குக்கு மேல் குறையும். ஆனால் இலை நுனியின் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். படிகம் இலையைச் சந்திப்பது அரிதாகும். சந்தித்தால் அடி பலம். நுனி வேகத்தை அப்படியே வைத்தால் கலப்பது மந்தமாகி அடியில் படியும். எல்லாவற்றையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை. படிகம் மேலே தூக்கி நிற்கத் தேவையான அளவு வேகம், அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் நடைமுறை சமரசம்.

கரைக்காத திரவத்தைச் சேர்க்கும் முறையில் சிக்கல் விழும் இடத்தில் இருக்கிறது. சொட்டு விழும் புள்ளியில் அது கலந்து பரவுவதற்குள், அங்கே மட்டும் உபரி உச்சத்துக்குப் போய்விடும். மேற்பரப்பில் சுவர் ஓரமாக விட்டால் படிகம் மாவாக வருவதும், அதே திரவத்தை அஜிடேட்டர் இலைக்கு அருகே குழாய் இறக்கி விட்டால் மணி மணியாக வருவதும் உண்டு. இதையே தலைகீழாகப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு திரவத் தாரைகளை நேருக்கு நேர் மோதவிட்டு மில்லி நொடிகளில் கலக்கும் உத்தி 1990-களில் மருந்துத் துறைக்கு வந்தது. வேண்டுமென்றே பிறப்பை வெடிக்கவைத்து, ஒரே மாதிரியான சில மைக்ரான் படிகங்களை நேரடியாக எடுப்பார்கள். வெடிப்பு கெட்டதல்ல, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வெடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணிப் பார்ப்பது, திருத்துவது

முன்பு மாதிரி எடுத்து, வடிகட்டி, உலர்த்தி, லேசர் கருவியில் அளந்து முடிப்பதற்குள் பேட்ச் முடிந்திருக்கும். இப்போது ரியாக்டருக்குள்ளேயே கம்பி போன்ற ஒரு கருவியை இறக்குகிறார்கள். அதன் முனையில் சுழலும் லேசர் கற்றை, எதிரே வரும் துகள்களைக் குறுக்கே வெட்டிக் கடக்கும் நேரத்தைக் கொண்டு நீளத்தைக் கணித்து, நொடிக்கு எத்தனை துகள் என்றும் சொல்லும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004-ல் இப்படி உற்பத்தியின்போதே அளப்பதை ஊக்குவித்து வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகு இது பரவலானது. அந்தக் கருவி தரும் நீளத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. எண்ணிக்கையை நம்புவேன். எண்ணிக்கைக் கோடு திடீரென்று ஏறினால் புதுப் பிறப்பு நடந்திருக்கிறது. அது தெரிந்தால் போதும்.

தெரிந்தால் திருத்தவும் முடியும். வெப்பநிலையைச் சில டிகிரி ஏற்றினால் எல்லாப் படிகமும் கொஞ்சம் தோலுரியும். பக்கத்துக்கு 5 மைக்ரான் உரிந்தால் 10 மைக்ரான் தூள் அடியோடு மறைந்துவிடும். 100 மைக்ரான் படிகம் 90 ஆகும். மறுபடி குளிர்வித்தால் கரைந்ததெல்லாம் பிழைத்தவற்றின் மேல் வந்து சேரும். எண்ணிக்கை குறைந்தது, சராசரி அளவு கூடியது. எண்ணிக்கையைப் பார்த்து தானாகவே சூடேற்றிக் குளிர்விக்கும் கட்டுப்பாட்டு முறைகளும் உள்ளன. இதற்கு மாறாக, ஒரே வெப்பநிலையில் ராத்திரி முழுக்கக் கலக்கினால் சிறியவை கரைந்து பெரியவை வளரும் என்று நம்புவது பழைய பழக்கம். அந்த விளைவு உண்மை, ஆனால் அதற்கு வலு ஒரு மைக்ரான், அதற்கும் கீழே உள்ள துகள்களில்தான். பத்து இருபது மைக்ரானில் மின்கட்டணம்தான் வளரும்.

லேசர் சிதறல் கருவி எல்லாத் துகளையும் உருண்டையாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடுவதால், 200 மைக்ரான் நீளமும் 10 மைக்ரான் தடிப்பும் உள்ள ஊசிக்கு நடுவில் ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த எண் ஊசியின் நீளமும் அல்ல, தடிப்பும் அல்ல. ஐபுப்ரோஃபென் ஹெக்சேனில் படிகமானால் ஊசியாக வரும், மெத்தனால் போன்ற ஆல்கஹாலில் தடித்த வடிவம் கிடைக்கும். இரண்டும் ஒரே டி50 காட்டினாலும் வடிகட்டுவதிலும் மாத்திரையாக அழுத்துவதிலும் வேறு வேறு பொருள் மாதிரி நடந்துகொள்ளும். அறிக்கையைப் பார்ப்பதற்கு முன் மைக்ராஸ்கோப்பில் இரண்டு நிமிடம் பார்த்துவிடுவது நல்லது. மாசும் வடிவத்தில் விளையாடும். பாராசிட்டமாலில் பாரா அசிடாக்சி அசிடனிலைடு என்ற உறவுக்காரப் பொருள் கொஞ்சம் இருந்தால் படிக முகங்களில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியை மந்தமாக்கும். வளர்ச்சி மந்தமானால் உபரி தேங்கும். தேங்கினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

இவ்வளவு பாடு எதற்கு, கடைசியில் அதிவேக வாயுத் தாரையால் அரைக்கும் ஜெட் மில்லில் போட்டு அரைத்துவிட்டால் ஆயிற்று என்பவர்கள் நிறையப் பேர். 5 மைக்ரானுக்குக் கீழே வேண்டும் என்றால் பல மருந்துகளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அரைப்பது படிகத்தின் மேற்பரப்பைச் சிதைக்கும். அந்த ஒழுங்கற்ற தோல் ஈரம் இழுக்கும், நாள்பட மறுபடி படிகமாகும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். நிலைமின்னேற்றத்தால் பொடி சுவரில் அப்பும். வீரியமான மருந்தின் தூசி வேலை செய்பவர் மூச்சில் போகும் அபாயம் வேறு. வடிகட்டுவதற்கு முன்பே குழம்பு நிலையில் அரைக்கும் ஈர மில் இதற்கு நல்ல நடுவழி. தூசி இல்லை, சூடு குறைவு, அரைத்த பிறகு லேசாகச் சூடேற்றி நுண்தூளைக் கரைக்கவும் முடியும்.

கடைசியாக ஒன்று. ரியாக்டரிலிருந்து எடுத்த மாதிரியில் டி50 120, உலர்ந்து டிரம்மில் விழுந்ததில் 60 என்று வருவது புதிதல்ல. உடனே எல்லாரும் குளிர்விப்புப் பதிவைப் புரட்டுவார்கள். நடந்தது பெரும்பாலும், வடிகட்டி அங்கேயே உலர்த்தும் ஃபில்டர் டிரையரில் இருக்கும். பாதி ஈரத்தில், படுகை கெட்டியாக இருக்கும்போதே அதன் அஜிடேட்டரை ஓடவிட்டால் நீண்ட படிகங்கள் குறுக்கே ஒடியும். இன்னும் ஈரமாக இருக்கும்போது ஓடவிட்டால் உருண்டு உருண்டு கட்டியாகும். முதலில் அதைச் சும்மா நிற்கவைத்து உலர்த்தி, பிறகு விட்டுவிட்டுச் சில சுற்று மட்டும் சுற்றினார்களா, இல்லை தொடக்கத்திலிருந்தே ஓடவிட்டார்களா என்று டிரையர் பதிவேட்டில் பார்த்துவிட்டு அப்புறம் ரியாக்டர் பக்கம் வரலாம்.